நமக்கு யார் ஜாமீன்?

(திருவாலங்காட்டில் இளைஞர் வாசிப்பு வட்டத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் ஒரு நாள் திருவள்ளூரிலிருந்து ரயிலில் வந்துகொண்டிருந்தேன். கடம்பத்தூர் தாண்டியதும் ஒரு தம்பி எதிர் சீட்டில் வந்து உட்கார்ந்தார். இப்போது இந்த அறையில்தான் இருக்கிறார், பேர் சொல்ல மாட்டேன். எடுத்த எடுப்பில் கேட்டார்: "அக்கா, வேலைய ரிசைன் பண்ணிடட்டா?"

டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவர். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு பிரஸ் ஷாப்பில் ஒப்பந்த வேலை. பிடித்தம் போகக் கையில் வருவது 16,500. அவரிடம் ஒரு யோசனை இருக்கிறது. தகடு தூக்கும் தொழிலாளிகளுக்குக் கை வெட்டுப்படாமல் இருக்கத் தடித்த கிளவுஸ் கொடுப்பார்கள். புது ஜோடி நூறு ரூபாய்க்கு மேல். எண்ணெய் ஊறியதும் அதைக் குப்பையில் போடுகிறார்கள். அதையே வாங்கி வந்து துவைத்து, கிழிசல் பார்த்து, ஜோடி சேர்த்துத் திருப்பிக் கொடுத்தால் ஜோடிக்கு 15 ரூபாய் கேட்கலாம். "கம்பெனிக்கும் லாபம், நமக்கும் தொழில். ஸ்டார்ட்அப்னா இதானக்கா?" என்றார்.

யோசனை நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் மணவூர் வரைக்கும் நான் பதில் சொல்லவில்லை. அந்தத் தாமதத்துக்கான காரணத்தைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன். ஒரு யோசனைக்கு நம்மை முழுசாகக் கொடுத்துவிடலாம் என்று எப்போது முடிவெடுப்பது? அந்த முடிவு ஆளுக்கு ஆள் ஏன் ஒரே முடிவாக இருப்பதில்லை?

யூடியூபில் இதற்குப் பதில் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். திரும்பிப் பார்க்காதே, இறங்கிவிடு என்பார்கள். ஒருவன் ஜெயித்தால் அவனுடைய துணிச்சலைப் புகழ்வார்கள், இறங்காதவனுக்குத் துணிச்சல் இல்லை என்பார்கள். தோழர்களே, துணிச்சலில் நம் ஆட்களுக்கு என்ன குறைச்சல்? கழிவுத் தொட்டிக்குள் இறங்குகிறவர் யார்? செங்கல் சூளையின் அனலில் நிற்கிறவர் யார்? உயிரையே பணயம் வைக்கிற வேலைகளை இந்தச் சமூகம் நமக்கென்று ஒதுக்கி வைத்துவிட்டு, தொழில் தொடங்க நீ பயப்படுகிறாய் என்று நம்மிடமே சொல்கிறது.

பிளாஞ்ச்ஃபிளவர், ஓஸ்வால்ட் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 1998இல் பிரிட்டன் தரவுகளை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சொந்தத் தொழிலுக்குப் போகிறவர் யார் என்று தேடினார்கள். குணத்தில் பெரிதாக எதுவும் அகப்படவில்லை. வாரிசுச் சொத்தோ அன்பளிப்புப் பணமோ கைக்கு வந்திருந்தவர்கள் தொழில் தொடங்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. அங்கே அப்பா விட்டுப்போன பணம் செய்கிற வேலையை இங்கே சாதி செய்கிறது. 2005ஆம் ஆண்டின் பொருளாதாரக் கணக்கெடுப்பை வைத்து லட்சுமி ஐயர், தருண் கன்னா, அசுதோஷ் வர்ஷ்ணி ஆகியோர் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. மக்கள்தொகையில் 16.4 சதவீதம் இருந்த பட்டியல் சாதியினரிடம் நாட்டின் தொழில் நிறுவனங்களில் 9.8 சதவீதம்தான் இருந்தன என்கிறது அது. அதிலும் பெரும்பாலானவை ஓராள், ஈராள் நடத்தும் சின்ன கடைகள்.

இது நம் ஊருக்குப் புதிய செய்தி இல்லை. நம் பக்கத்துப் பழையனூரின் நீலி கதை எல்லாருக்கும் தெரியும். சம்பந்தர் தேவாரத்திலேயே அதன் குறிப்பு இருக்கிறது. ஒரு வணிகன் வருகிறான். பின்னாலேயே மனைவி உருவத்தில் நீலி வருகிறாள். இவள் பேய், என்னைக் கொன்றுவிடுவாள் என்று அவன் கதறுகிறான். ஊரின் வேளாளர் எழுபது பேர், "உனக்கு ஏதாவது நடந்தால் எங்கள் உயிரைத் தருகிறோம்" என்று வாக்குக் கொடுக்கிறார்கள். இரவில் அவன் செத்துப்போகிறான். எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். கொல்லப்பட்ட பெண்ணான நீலியின் நியாயம் ஒரு தனிப் பேச்சு, அதை இன்னொரு ஞாயிறு வைத்துக்கொள்வோம். இந்தக் கதையை வாக்குத் தவறாமைக்கு உதாரணமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். எனக்கு வேறொன்று கண்ணில் படுகிறது. வழியோடு போன ஒரு வியாபாரிக்கு நிலம் வைத்திருக்கிற எழுபது பேர் ஜாமீன் நிற்கிறார்கள். ஊர் என்பது யாருக்கு ஊர், எந்தக் கையெழுத்துக்கு மதிப்பு என்பதெல்லாம் அதற்குள் இருக்கிறது. சேரியிலிருந்து ஒருவன் தொழில் செய்யப் போனால் அவனுக்கு எழுபது பேர் வேண்டாம், வங்கியில் கையெழுத்துப் போட ஒருவர் கிடைப்பாரா?

நிலத்தை ஜாமீனாக வைக்கலாமே என்பார்கள். செங்கல்பட்டு ஜில்லாவில், அன்று திருவள்ளூரும் அதில் அடக்கம், கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891இல் நம் மக்களின் நிலைமை பற்றி அறிக்கை எழுதினார். 1892இல் பஞ்சமி நில ஒதுக்கீட்டுக்கு வழி பிறந்தது. அந்த நிலங்களில் எவ்வளவு இன்று நம் கையில் இருக்கிறது? 1994 அக்டோபரில் காரணை பஞ்சமி நிலத்துக்காகப் போராடி, செங்கல்பட்டில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர் கொடுத்தார்கள். நிலம் போனதென்றால் விளைச்சலோடு அது நிற்கவில்லை. அடமானம் வைக்கும் தகுதி போனது, ஒரு முறை தோற்றுப்பார்க்கும் உரிமையும் கூடவே போனது.

அண்ணலின் வாழ்க்கையிலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. அவரும் ஒரு தொழில் தொடங்கினார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1917இல் உதவித்தொகைக் காலம் முடிந்து லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்புகிறார். நான்கு ஆண்டுகளுக்குள் திரும்பி வந்து முடிக்கலாம் என்று பல்கலைக்கழகம் அனுமதி தந்திருந்தது. பரோடாவில் தங்க இடமில்லாமல் விரட்டப்பட்ட கதை உங்களுக்குத் தெரியும். அதன் பிறகு மும்பையில் பிள்ளைகளுக்குத் தனிப்பாடம் சொல்லிக் கொடுக்கிறார். பங்கு வர்த்தகர்களுக்கு ஆலோசனை சொல்லும் ஒரு நிறுவனத்தையும் தொடங்குகிறார். கொலம்பியாவில் பொருளியல் படித்த மனிதர், சரக்கு தரமானது, வாடிக்கையாளர்களும் வந்தார்கள். ஆலோசனை சொல்கிறவர் தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் வரத்து நின்றுபோனது. கடை மூடப்பட்டது. சந்தை சாதி பார்க்காது என்று யாராவது சொன்னால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

அதற்குப் பிறகு அவர் செய்ததைத்தான் நாம் கவனிக்க வேண்டும். 1918 நவம்பரில் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் ஆகிறார். சம்பளத்தில் மிச்சம் பிடிக்கிறார். லண்டன் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. 1920இல் வேலையை விடுகிறார். அப்போது அவரிடம் மூன்று கைகாவல் இருந்தன: சொந்தச் சேமிப்பு, கோலாப்பூர் சாகு மகாராஜா தந்த உதவி, நண்பர் நவல் பத்தேனா கொடுத்த 5,000 ரூபாய்க் கடன். ஜூலையில் கப்பல் ஏறுகிறார். அண்ணலுக்கு இல்லாத துணிச்சலா? அவரே இரண்டு வருடம் கணக்குப் போட்டுத்தான் வேலையை விட்டார். அப்படியும் வீட்டில் அந்தக் காலத்தின் பட்டினியைச் சுமந்தவர் ரமாபாய். பாகிஸ்தான் பற்றிய தம் நூலை அவர் நினைவுக்கு அண்ணல் காணிக்கையாக்கியபோது, தம்மோடு சேர்ந்து துன்பப்பட அவர் முன்வந்ததைக் குறிப்பிட்டுத்தான் எழுதினார்.

இந்த இடத்தில் என் கதையையும் சொல்லிவிடுகிறேன். முதுகலை முடித்த கையோடு நானும் இரண்டு தோழிகளும் ஒரு டியூஷன் சென்டர் ஆரம்பித்தோம். முன்பணம் வேண்டியிருந்தது. அம்மாவின் கம்மலைக் கேட்டேன். அம்மா ஒரு வார்த்தை பேசாமல் கழற்றிக் கொடுத்தார். பார்க்கப் போன முதல் இரண்டு இடத்திலும், "எந்த ஊரும்மா? ஊர்ல எந்தப் பக்கம்?" என்று கேட்டுவிட்டு, அப்புறம் சொல்கிறோம் என்றார்கள். மூன்றாவது இடம் கிடைத்தது, வாடகை கூடுதல். பதினோரு மாதம் நடத்தினோம். கம்மல் ஏலத்தில் போனது. நான் அப்புறம் ஆராய்ச்சிக்குப் போய்விட்டேன், என் வாழ்க்கை நகர்ந்துவிட்டது. அம்மா இன்றைக்கும் காதில் வேப்பங்குச்சி செருகியிருக்கிறார்.

அம்மாவிடம் நான் கேட்கத்தான் செய்தேன். கேட்டேன் என்பதையே அவருடைய சம்மதம் என்று கணக்கில் எழுதிக்கொண்டேன். இது திரும்பி வராமல் போகலாம் அம்மா, போனால் பரவாயில்லையா என்று கேட்கவில்லை. பிள்ளை கேட்டால் இல்லை என்று சொல்ல முடியாத ஒருவரிடம் வாங்கியதை முதலீடு என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதனால்தான் அன்று ரயிலில் அந்தத் தம்பிக்கு உடனே பதில் சொல்ல வாய் வரவில்லை.

கடைசியில் அவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி: "இதுவரைக்கும் யாராவது காசு குடுத்துத் துவைக்கக் குடுத்தாங்களா?" இல்லை. சூப்பர்வைசர் நல்ல ஐடியா என்று சொன்னார், அவ்வளவுதான். நல்ல ஐடியா என்று சொல்லச் செலவில்லை. வேலையில் இருந்துகொண்டே ஐம்பது ஜோடி துவைத்துக் காட்டலாம், பில் போடலாம், பணம் வருகிறதா என்று பார்க்கலாம். வேலையில் இருந்தபடி தொழில் தொடங்குவது கோழைத்தனம் என்று நினைக்காதீர்கள். ரஃபீ, ஃபெங் என்ற இருவர் அமெரிக்கத் தரவுகளை வைத்து 2014இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வேலையை விட்டுவிட்டு நேராகத் தொழிலில் இறங்கியவர்களைவிட, வேலையை வைத்துக்கொண்டு தொடங்கிப் பிறகு விட்டவர்கள் தொழிலைக் கைவிடும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்கு குறைவு என்று கண்டார்கள். நமக்கு அதைவிட நெருக்கமான உதாரணம் அயோத்திதாசர். 1907 ஜூன் 19இல் ராயப்பேட்டையிலிருந்து அவர் தொடங்கிய வார இதழ் நான்கே பக்கம், விலை ஒரு பைசா, பெயரே 'ஒரு பைசாத் தமிழன்'. ஒரு வருடம் வாசகர்களிடம் போய் நின்ற பிறகுதான் அது 'தமிழன்' ஆனது.

இரண்டாவது கேள்வி: "பணம் எத்தனை நாள்ல வரும்?" அதையும் அவர் யோசிக்கவில்லை. ரயிலிலேயே டிக்கெட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டோம். மாதம் 2,000 ஜோடி, 30,000 ரூபாய் வரவு. கொட்டகை வாடகை, கரண்ட், சோப்பு, உதவியாள், பெட்ரோல் எல்லாம் சேர்த்து 23,000. மிச்சம் 7,000, இன்றைய சம்பளத்தில் பாதிகூட இல்லை. சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் அறுபது நாள் இழுத்தால் அந்தக் கம்பெனியோடு சண்டை போட அவரால் முடியுமா? முதல் மாத பில்லுக்கு மூன்றாம் மாத முடிவில்தான் காசு. அதுவரை தொழிலுக்கு 69,000, வீட்டுக்கு மாதம் 12,000 வீதம் 36,000. முதல் ரூபாய் கையில் விழுவதற்கு முன்னால் ஒரு லட்சத்து ஐயாயிரம் வெளியே போயிருக்கும். துவைக்கும் மெஷின் தனி.

மூன்றாவது கேள்விதான் எனக்கு முக்கியமானது: "நட்டமானா யார் தலையில விழும்?" அவர் யோசித்துவிட்டு, அம்மா, தங்கச்சி என்றார். தங்கைக்கு அடுத்த வருடம் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும். அவர்களிடம் பேசினாயா என்றேன். தலையைக் குனிந்துகொண்டார். இன்னொரு ஆளும் இருக்கிறது என்றேன். எண்ணெய்க் கிளவுஸ் துவைத்த தண்ணீர் எங்கே போகும்? மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி, எண்ணெய் பிரிக்கும் தொட்டி இதெல்லாம் கணக்கில் இல்லை. கால்வாயில் விட்டால் அது எந்தப் பக்கம் ஓடும் என்று உங்களுக்குத் தெரியும். ஊரின் கழிவு எப்போதும் நம் தெருவை நோக்கித்தான் ஓடியிருக்கிறது. நம் ஆள் முதலாளியானாலும் அதே பக்கம் ஓடினால் நாம் எதை மாற்றினோம்?

தொழில் ஆசையில் ஒரு முடிவெடுத்து, அதன் நட்டத்தை அந்த முடிவில் இடமில்லாதவர் தலையில் கட்டுவது நம் மாவட்டத்துக்குப் புதிதில்லை. கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் தேர்வாய் கண்டிகை இருக்கிறது. பெரும்பாலும் தலித் குடும்பங்கள் வாழும் ஊர். ஆடுமாடு மேய்த்த, விறகு பொறுக்கிய சுமார் 1,127 ஏக்கர் பொது நிலம் சிப்காட்டுக்குப் போனது. 2009இல் மிஷலின் டயர் ஆலைக்கு ஒப்பந்தம் ஆனது. ஊர் மக்கள் போராடினார்கள், சிறைக்குப் போனார்கள். 2012இல் பிரான்ஸ் வரைக்கும் புகார் போனது. அங்கே முதலீடு செய்ய ஒருவர் முடிவெடுத்தார், மேய்ச்சல் நிலத்தை இழந்தவர் வேறொருவர். அதன் சின்ன வடிவத்தை நாம் நம் வீட்டுக்குள் செய்துவிடக் கூடாது.

ஆகவே எப்போது வேலையை விடலாம் என்று கேட்கிறவருக்கு என் பதில் இதுதான். ஒருவராவது இரண்டாவது முறை காசு கொடுத்து வாங்கியிருக்க வேண்டும். பணம் வரும்வரை வீட்டு அடுப்பு எரிய ஏற்பாடு இருக்க வேண்டும். நட்டத்தைச் சுமக்கப் போகிறவர்கள் இல்லை என்று சொல்லும் வாய்ப்போடு, சரி என்று சொல்லியிருக்க வேண்டும். இந்தத் தேதிக்குள் இவ்வளவு வராவிட்டால் நிறுத்திவிடுவேன் என்று இன்றே நோட்டில் எழுதி இன்னொருவரிடம் கொடுத்திருக்க வேண்டும். இந்த நான்கும் இருந்தால் தயங்காதீர்கள், விட்டுவிடுங்கள். எல்லாம் கனியட்டும் என்று காத்திருந்தால் வயதுதான் போகும். லண்டன் தந்த நாலு வருடக் கெடு மாதிரி எல்லா வாய்ப்புக்கும் ஒரு கெடு உண்டு.

ஆனால் இந்த நான்கையும் தனியாளாகச் சம்பாதித்துக்கொள் என்று சொல்லிவிட்டு நான் இறங்கிப்போனால் யூடியூப்காரருக்கும் எனக்கும் வித்தியாசமில்லை. அரசுத் திட்டங்கள் இருக்கின்றன, அவை நம் உரிமை. 2023இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் முதலீட்டுக்கு 35 சதவீதம் மானியம், வட்டிக்கு 6 சதவீதம் மானியம். ஒன்றிய அரசு 2016இல் கொண்டுவந்த ஸ்டாண்ட்அப் இந்தியா, ஒவ்வொரு வங்கிக் கிளையும் பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்த ஒருவருக்காவது 10 லட்சம் முதல் 1 கோடி வரை கடன் தர வேண்டும் என்றது. குறு, சிறு தொழிலுக்குக் குறிப்பிட்ட வரம்பு வரையிலான கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. கேட்டால் விதியைக் காட்டுங்கள். ஒன்றிய அரசு நிறுவனங்கள் தங்கள் கொள்முதலில் 4 சதவீதத்தைப் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோரிடம் வாங்க வேண்டும் என்று 2012 முதல் ஆணை இருக்கிறது. கடன் கிடைத்தும் ஆர்டர் கிடைக்காமல் போனால் அந்தக் கடனே தூக்குக் கயிறு. ஆகவே கடனைக் கேட்கிற அதே குரலில் கொள்முதலையும் கேட்போம்.

கூடவே ஓர் எச்சரிக்கை. "வேலை தேடாதே, வேலை கொடு" என்ற முழக்கத்தை மேடைக்கு மேடை கேட்கிறோம். பொதுத்துறையை விற்று, நிரந்தர வேலையை ஒப்பந்தமாக்கி, இட ஒதுக்கீட்டின் பரப்பைச் சுருக்கிவிட்டு அந்த முழக்கத்தைச் சொன்னால் அதற்கு வேறு பொருள். அரசு வேலைக்குப் படிக்கிற தோழரை ஆசை இல்லாதவர் என்று யாரும் பேச வேண்டாம். முதல் தலைமுறைக்குக் கிடைத்த ஒரு சம்பளம்தான் அடுத்த தலைமுறை தோற்றுப்பார்ப்பதற்கான முதலீடு.

கடைசியாக, நாம் என்ன செய்யலாம்? நம் தெருவில் சீட்டுக் கட்டாத வீடு இல்லை. அந்தப் பழக்கத்திலிருந்தே ஒன்றைக் கேட்கிறேன். இந்த அறையில் இருபத்திரண்டு பேர் இருக்கிறோம். ஆளுக்கு மாதம் 300 ரூபாய் போட்டால் வருடத்தில் 79,200 சேரும். அதை யாருக்கும் முதலாகக் கொடுக்க வேண்டாம். நம்மில் ஒருவர் சரியாகக் கணக்குப் போட்டு இறங்கி, தோற்றுப்போனால், அவர் வீட்டு அரிசிக்கும் பிள்ளைகள் கட்டணத்துக்கும் சில மாதம் அது போகட்டும். ஜெயித்தவருக்கு மாலை போட ஆயிரம் பேர் வருவார்கள். தோற்றவர் வீட்டு வாசலில் நிற்கிற சங்கமாக இது இருக்கட்டும். பெரிய கம்பெனிகளில் வேலை செய்கிற தோழர்கள் இன்னொன்றும் செய்யலாம். உங்கள் பர்ச்சேஸ் பிரிவில் யார் இருக்கிறார், சின்ன ஆர்டருக்கு யாரிடம் பேச வேண்டும் என்ற தகவலைக் கொண்டுவாருங்கள். அந்தத் தகவல் மற்ற சாதிக்காரருக்கு மாமன் மச்சான் வழியாகக் கல்யாண வீட்டிலேயே கிடைத்துவிடுகிறது.

அந்தத் தம்பி இன்னும் வேலையை விடவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமையாக வீட்டுக்குப் பின்னால் ஐம்பது ஐம்பது ஜோடியாகத் துவைத்துப் பார்க்கிறார். முதல் தடவை எட்டு ஜோடி சுருங்கிப்போய்த் திரும்பி வந்தது. தண்ணீரின் சூட்டைக் குறைத்தார். போன வாரம் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப் காசு கொடுத்திருக்கிறது, 600 ரூபாய். அம்மாவிடமும் தங்கையிடமும் பேசிவிட்டார். தங்கை ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள்: கட்டணப் பணத்தில் கை வைக்கக் கூடாது. அதுவும் நோட்டில் ஏறியிருக்கிறது. எண்ணெய்த் தண்ணீருக்கு மட்டும் இன்னும் வழி கிடைக்கவில்லை. கெமிஸ்ட்ரி படித்தவர்கள் இங்கே இருந்தால் கூட்டம் முடிந்ததும் அவரிடம் பேசுங்கள்.

பழையனூரில் எழுபது பேர் தீயில் இறங்கினார்கள் என்கிறது கதை. நமக்குத் தீ வேண்டாம். மாதம் 300 ரூபாயும் ஒரு கையெழுத்தும் போதும். நோட்டுப் புத்தகம் கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. முதல் பேராக என் பேரை எழுதியிருக்கிறேன்.

ஜெய் பீம்.